மேட்டூர் திறந்தாச்சா அக்கா?

நீடாமங்கலத்தில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தால் ரயில்வே கேட் மூடும் மணிச் சத்தம் கேட்கும். மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் செம்மொழி விரைவு வண்டி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஊரைத் தாண்டி, தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக, விடியுமுன் திருப்பூரைத் தொட்டுவிடும். நான் தொலைபேசியில் பேசும் பெண்பிள்ளைகளில் பலர் அந்த வண்டியில் ஏறிப் போனவர்கள். பக்கத்து ஊர் ஏஜென்ட், ஒரு துணிப்பை, எவர்சில்வர் டப்பாவில் புளிச்சாதம், புதிதாக வாங்கிய இரண்டு நைட்டி என்று அவர்கள் புறப்பட்ட இரவை ஏறக்குறைய எல்லோருமே ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஒரு சிறிய தொண்டு அமைப்புக்காக, வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் பாலியல் கொடுமைக்கோ அடி உதைக்கோ ஆளான பெண்பிள்ளைகளுடன் தொலைபேசி வழியாகப் பேசி, அவர்கள் மனம் ஓரளவு நிலைகொள்ளும் வரை கூட இருப்பது என் வேலை. 2020 மார்ச் மாத ஊரடங்கு வரை நாங்கள் ஊர் ஊராகப் பேருந்தில் போய்த்தான் இதைச் செய்தோம். பேருந்து நின்றதும் கையிலிருந்த தொலைபேசியை எடுத்தோம். தற்காலிகம் என்றுதான் நினைத்தோம். பேருந்து மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் நான் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை என்பதற்கான காரணத்தை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இந்த வேலைக்கு என்ன பெயர் என்பதிலேயே முதல் சிக்கல். ‘கவுன்சிலிங்’ என்றால் நம் ஊரில் பொறியியல் கல்லூரிச் சீட்டு நினைவுக்கு வரும். ஒரு தாயார் என்னிடம், “எம்பொண்ணு பத்தாவதோட நின்னுட்டாம்மா, அவளுக்கு எதுக்கு கவுன்சிலிங்?” என்று கேட்டார். ‘மனநலம்’ என்றால் மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகும் அளவுக்கு முற்றிவிட்டதாக நினைத்துப் பதறுவார்கள். ‘உளவியல் சமூக ஆதரவு’ என்று எங்கள் அறிக்கைகளில் எழுதுகிறோம். அதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. “வாரம் ஒரு தடவை பேசுற அக்கா” என்று ஒரு பெண் தன் பாட்டியிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். அதைவிடச் சரியான பதவிப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

டெல்டாவிலிருந்து பெண்பிள்ளைகள் மேற்கே போவது புதிதல்ல. நடவும் களையெடுப்பும் அறுப்பும் பெண்களின் கூலியாக இருந்த காலம் மாறி, அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது. நேரடி விதைப்பு வந்தது. நடவுக்கே இப்போது பீகாரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் ஆட்கள் குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். நிலமில்லாத வீடுகளில், அவற்றில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள், பெண்ணின் கல்யாணச் செலவு என்பது மில்லின் பெயராகவே மாறிப்போன ஒரு காலம் இருந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்று ஆசைகாட்டிய அந்த ஏற்பாட்டுக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். அந்தப் பெயரை இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் விடுதியும் பூட்டிய கேட்டும் அப்படியே இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்த பிறகு, தேங்காய் வெட்டியும் கீற்று முடைந்தும் பிழைத்த வீடுகளிலிருந்து இன்னொரு வரிசை கிளம்பியது. இந்தப் பதிவில் வரும் பெண் அந்த வரிசையில் போனவள்.

அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். என் குறிப்பேட்டில் யாருடைய உண்மைப் பெயரும் ஊரும் கிடையாது, நெல்லின் பெயர்தான். குறிப்பேடு தொலைந்தாலும் எடுத்துப் பார்ப்பவர் யாரோ விதைநெல் கணக்கு எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியது. எல்லா நெல்லும் இதற்கு ஆகாது. மாப்பிள்ளைச் சம்பாவை விலக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூயமல்லி எனக்கு மிகவும் பிடித்த அரிசி. ஆனால் ‘தூய’ என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் யாருடைய தலையிலும் சுமத்தக்கூடாது என்பதால் அதையும் ஒதுக்கிவிட்டேன். குறிப்பேட்டில் அவளுக்குள்ள பெயரை விட்டுவிட்டு இங்கே அவளைக் காட்டுயானம் என்று அழைக்கிறேன். யானை நின்றாலும் தெரியாத அளவுக்கு உயர்ந்து வளரும் நெல் அது. அவளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

காட்டுயானம் முதலில் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் தொலைபேசியை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வார். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் தருவார். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்கும், பெரியம்மாவுக்கும் பேசிவிட்டு மீதி இருக்கும் ஏழெட்டு நிமிடங்கள்தான் எனக்கு. ஓர் அறையில் பன்னிரண்டு பேர். மாடிப்படியின் கீழே துணி துவைக்கும் கல்லருகில் நின்று பேசுவாள். குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். தன் பேச்சு அடுத்தவர் காதில் விழாமலிருக்க அவளே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்பது எனக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது.

இப்படிப்பட்ட அழைப்பில் எடுத்தவுடன் கேட்கவேண்டிய கேள்விகளை நாங்கள் தலைகீழாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நேரில் உட்கார்ந்தால் “என்ன ஆச்சும்மா, சொல்லு” என்று திறந்த கேள்வி கேட்பது நல்ல பழக்கம். தொலைபேசியில் அது ஆபத்து, ஏனென்றால் பதில் சொல்லப்போவது அவள் வாய். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே முதலில் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளைத்தான் கேட்கிறோம். தனியாக இருக்கிறாயா, இப்போது பேசலாமா, ஸ்பீக்கரில் இருக்கிறதா, இந்த எண்ணை அழித்துவிடத் தெரியுமா. அதற்கும் வாய் திறக்க முடியாவிட்டால் நகத்தால் தொலைபேசியைத் தட்டினால் போதும். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. யாராவது அருகில் வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைப் பெண்ணையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். அது அவள் வீட்டில் இயல்பாகப் பேசப்படும் பேச்சாக இருக்கவேண்டும். கேட்பவருக்கு எதுவும் உறுத்தக்கூடாது. காட்டுயானம் ஒரு நொடிகூட யோசிக்காமல், “மேட்டூர் திறந்தாச்சா அக்கா?” என்றாள். மேட்டூர் அணை திறக்கும் நாளைப் பற்றி விசாரிக்காத வீடு டெல்டாவில் கிடையாது. அவள் அதைச் சொன்னவுடன் நான் தண்ணீர் பற்றியே பேசத் தொடங்குவேன்: வெண்ணாற்றில் எவ்வளவு வருகிறது, கடைமடைக்கு வந்துவிட்டதா, சம்பாவுக்குப் போதுமா. அந்த வருடம் மேற்கே ஒரு விடுதி வார்டனுக்குக் காவிரி நீர்ப் பங்கீடு பற்றி நிறையத் தெரிந்திருக்கும்.

எல்லாம் இப்படிச் சீராக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு புதன்கிழமை, வேறு ஒரு பெண்ணின் எண் என்று நினைத்துக் காட்டுயானத்தின் எண்ணை அழுத்திவிட்டேன். தொலைபேசி வார்டனின் மேசையில் இருந்தது. அழைப்பவர் பெயரைக் காட்டும் ஒரு செயலி அதில் இருந்திருக்கிறது. என் எண்ணை யாரோ ‘கவுன்சிலர் அக்கா’ என்று சேமித்து வைத்திருந்ததால் திரையில் அந்தப் பெயர் வந்திருக்கிறது. எடுத்த வார்டன், “எந்த வார்டு கவுன்சிலரும்மா?” என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்கவேண்டும், வீட்டில் சொல்லச் சொல்லுங்கள் என்று எதையோ உளறி வைத்துவிட்டேன். அவர் நம்பினார். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள் தமிழில் ‘கவுன்சிலர்’ என்று ஒன்றாகிவிடுவதால் அன்றைக்கு ஒரு பெண் தப்பித்தாள். என் கவனத்தால் தப்பிக்கவில்லை. அதன் பிறகு நானாக யாரையும் அழைப்பதில்லை. அவர்கள் மிஸ்டு கால் கொடுத்தால் மட்டும், உடனே, அதுவும் மூன்று ஒலிக்குள் எடுக்காவிட்டால் துண்டித்துவிடும் கணக்கோடுதான் அழைக்கிறேன்.

மூன்று வாரம் அவள் சொன்னது ஒன்றுதான்: “தூக்கம் வரல அக்கா.” நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நைட் ஷிப்டு முடிந்து பகலில் படுத்தால் எப்படி இருக்கிறது, கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கதையைக் கேட்காமல் எப்படி உதவுவது என்று புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்று வேலைகளைத்தான்: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், தேவையான இடத்தோடு சேர்த்துவிடு. நடந்ததை விவரமாகச் சொல்லவைப்பது அந்த மூன்றில் எதிலும் இல்லை. இதே பெண் பிறகு மருத்துவரிடம் சொல்லவேண்டும், காவலரிடம் சொல்லவேண்டும், நடுவரிடம் சொல்லவேண்டும், வழக்கு நடந்தால் நீதிமன்றத்தில் சொல்லவேண்டும். அந்த வரிசையில் நானும் ஒரு ஆளாக நின்று, என் ஆர்வத்துக்காக ஒரு முறை சொல்லவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தெரிவிக்காமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. “நீ சொல்றது என்னோட இருக்கும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு காவல்நிலையத்துக்குப் போன் செய்தால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் யாரிடமும் வாய் திறக்காது. ஆகவே அவள் எதையும் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடவேண்டும். நான்காவது ஞாயிறு, அவள் குரலில் ஏதோ வெளியே வரப்போகிறது என்று தோன்றியபோது சொன்னேன்: “உனக்குப் பதினெட்டு ஆகலைன்னா, சில விஷயத்தை என்கிட்ட சொன்னா நான் வெளியில சொல்லியே ஆகணும் பாப்பா. யார்கிட்ட, எப்படின்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். ஆனா சொல்லாம இருக்க முடியாது.” குழாய்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டு ஞாயிறுகள் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

இந்தச் சட்டப்பிரிவு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது இல்லாதிருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தும் மேனேஜரும் சேர்ந்து எத்தனை விஷயத்தைப் பணம் கொடுத்து மூடியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு ஞாயிறுகளும் நான் அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். மாட்டுப்பொங்கலன்று மத்தியானம், பெரியம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து மிஸ்டு கால் வந்தது. திருப்பி அழைத்தபோது வாளிச் சத்தம் இல்லாமல் முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன். “எல்லாம் யோசிச்சுட்டேன் அக்கா. சொல்றேன். நீங்க சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிக்கங்க. ஆனா இங்க போலீஸ் ஜீப் வரக்கூடாது.” பிறகு நான்கே வாக்கியங்களில் சொன்னாள். அந்த நான்கையும் இங்கே எழுதப்போவதில்லை.

அவள் பயந்தது ஜீப்புக்குத்தான். ஆகவே முதலில் அதற்குத்தான் பதில் வேண்டியிருந்தது. போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்றும், இயன்றவரை சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்யவேண்டும் என்றும், அப்போது சீருடை அணிந்திருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. எந்தக் குழந்தையையும் இரவில் காவல்நிலையத்தில் வைத்திருக்க முடியாது. அதே போல, குற்றம் நடந்தது மேற்கு மாவட்டத்தில் என்றாலும் புகாரை இங்கேயே கொடுக்கலாம். பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். எல்லை பார்க்காமல் புகாரை வாங்கிப் பதிவு செய்யவேண்டும் என்பது இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இவற்றை நான் அவளுக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. “சேலை கட்டிக்கிட்டு ஒரு அக்கா வருவாங்க, ஆட்டோவுல வருவாங்க, நீ எங்க உக்காந்து பேசணும்னு சொல்றியோ அங்க உக்காருவாங்க” என்று சொன்னேன். அவள் கொல்லையில் உள்ள கிணற்றடியைச் சொன்னாள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்து, அவர்கள் வழியாக மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லி, இரண்டாம் நாள் காலையில் அப்படியே நடந்தது. குழந்தைக்குத் துணை நபர் ஒருவரை நியமிக்க 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இடம் தருகின்றன. அந்த அம்மாள்தான் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கொடுக்கக்கூடிய சில மருந்துகளுக்குக் காலம் கடந்திருந்தது. மற்றப் பரிசோதனைகள் நடந்தன. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொற்கள் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காகிதங்களில் அவள் ‘பாதிக்கப்பட்ட சிறுமி’. எங்கள் பயிற்சிகளில் ‘மீண்டெழுந்தவர்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தூக்கமில்லாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணிடம் நீ மீண்டெழுந்துவிட்டாய் என்று சொல்வது, இன்னும் எழாத ஒருவரை எழச்சொல்லி அதட்டுவது போல இருக்கிறது. நம் ஊரில் புழங்கும் சொல் இதைவிட மோசம்: ‘கெடுத்துட்டான்’ என்பார்கள், கெட்டுப்போனது அவள் என்றாகிவிடும். பிள்ளைகள் அவர்களாகப் பேசும்போது ‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தில் தப்பு யாரிடம் இருக்கவேண்டுமோ அவனிடமே இருக்கிறது. நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

அவள் அம்மாவுக்கு நான் யார் என்று புரிய நாளானது. மந்திரித்த கயிறு கட்டினார்கள், நாகூருக்குக் கூட்டிப் போய்வந்தார்கள். அதையெல்லாம் நான் தடுத்ததில்லை. நாகூரிலிருந்து வந்த அன்று இரவு அவள் ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறாள், அந்தத் தூக்கத்தோடு எனக்கு என்ன சண்டை? சண்டை வேறு இடத்தில் வந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று அம்மா கணக்குப் போட்டது மாமன் மகனுக்கு அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்றுதான். பதினேழு வயதில் அது குற்றம், 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தடுத்து நிறுத்த முடியும். ஆனால் சட்டத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தால் அடுத்த வாரமே அந்தத் தொலைபேசி அவள் கைக்கு வந்திருக்காது. நான் அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசினேன் என்பதைவிட அவர் பேசக் கேட்டேன். கஜாவில் ஓடு பறந்தது, அவர் புருஷன் கடன், ஏஜென்ட்டை நம்பி அனுப்பியது தானேதான் என்ற குற்ற உணர்வு. கடைசியில், “பதினெட்டு முடியட்டும்னு மாமன்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க அவள தூங்க வைங்க போதும்” என்றார். தொலைவில் இருந்துகொண்டு ஒரு பெண்ணை ஆதரிப்பதில் பாதி நேரம் அவள் அருகில் இருப்பவரை ஆதரிப்பதற்கே போய்விடுகிறது. அந்த வீட்டில் அவள் தலையைத் தடவிக்கொடுக்கும் கை அம்மாவுடையது, என்னுடையதல்ல.

அருகில் இருப்பவர் யாரும் இல்லாத இடத்தில் தொலைபேசி போதாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நான் ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று வந்தால் நான் அன்று பேச்சை அப்படியே முடித்துக்கொள்வதில்லை: வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறேன், அன்று இரவு அவள் கூடப் படுக்கப்போவது யார் என்று பெயரோடு கேட்கிறேன், அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ அழைத்து நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். நான் தூங்கும் நேரத்திலும் பேசக் கிடைக்கும் எண் என்று அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ஐச் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. பெண்களுக்கான உதவிக்கு 181 இருக்கிறது. இவை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால்தான் என் மாடியறையும் வேலை செய்யும்.

மொழி தெரியாத பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். மில் விடுதிகளில் இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் நிறைய. ஒரு முறை ஒடியா மட்டும் பேசும் பெண் ஒருத்தியை, அவள் அறைத்தோழியான நம் ஊர்ப் பெண் என்னுடன் சேர்த்துவிட்டாள். மொழிபெயர்க்க நல்ல தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். விசாரித்தால் அவர் அந்தப் பெண்களை அழைத்துவந்த காண்ட்ராக்டரின் ஆள். புவனேஸ்வரத்தில் ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்து மூவர் அழைப்பில் சேர்க்க ஒன்பது நாளானது. “அந்தப் பெண் சொல்கிறாள்” என்று சொல்லாமல் “நான்” என்றே பேசும்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொண்டோம். முதல் அழைப்பில் அவள் சொன்னதெல்லாம் தங்கையின் பெயரும், இங்கே சோற்றில் புளி அதிகம் என்பதும்தான். அதுபோதும் என்று வைத்துவிட்டோம்.

பேருந்து ஓடத் தொடங்கிய பிறகும் ஏன் தொலைபேசி என்ற கேள்விக்கு வருகிறேன். காட்டுயானத்தின் ஊருக்கு இங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். போகலாம். ஆனால் அந்தத் தெருவில் கைப்பையோடு ஒரு வெளியூர்ப் பெண் இறங்கினால், அவள் எந்த வீட்டுக்குப் போகிறாள், எவ்வளவு நேரம் இருந்தாள், வெளியே வரும்போது யார் முகம் வீங்கியிருந்தது என்பதைத் திண்ணைகள் கணக்கெடுத்துவிடும். அடுத்த வாரமும் போனால் காரணமும் கண்டுபிடித்துவிடுவார்கள். தொலைபேசியில் நான் யார் கண்ணிலும் படுவதில்லை. அவள் கண்ணிலும்தான். தன் முகத்தை நான் பார்க்கவில்லை என்பதால்தான் கிணற்றடியில் சொன்னதை என்னிடம் முதலில் சொல்ல முடிந்தது என்று பின்னொரு நாள் அவளே சொன்னாள். அதோடு, அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான் அவள் விரலடியில் இருக்கிறது. அவள் விருப்பம் கேட்காமல் எல்லாம் நடந்துபோன ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு பெரியவளின் பேச்சை நடுவில் வெட்டிவிட்டுப் போக முடிவதும், போனதற்கு அடுத்த வாரம் யாரும் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதும் அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நேரில் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் மரியாதைக்காகவே எழுந்திருக்கமாட்டாள்.

இன்றுவரை அவள் முகம் எனக்குத் தெரியாது. குரலில் சளி பிடித்திருப்பது தெரியும், பொய் சொல்லும்போது ‘ம்’ போடுவது தெரியும், வயலில் நிற்கிறாளா வீட்டில் நிற்கிறாளா என்பது காற்றிலேயே தெரியும். படபடப்பு வரும்போது உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, காதில் விழும் ஐந்து சத்தத்தைச் சொல்லச் சொல்வேன். நார்த்தாமரத்துக் குருவி, பக்கத்து வீட்டு டிவி, ஆட்டுக்குட்டி, மோட்டார், “நீங்க மூச்சு விடுறது” என்று ஒரு நாள் எண்ணி முடித்தாள். சனிக்கிழமைகளில் எனக்கு மூத்தவர் ஒருவரிடம் நான் பேசுவேன். அந்த வாரம் எனக்குத் தூக்கம் வந்ததா என்று அவர் கேட்பார்.

2024-இல் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்கவில்லை. ஜூலை கடைசி வரை தள்ளிப்போனது. அந்த ஜூலையில் ஒரு வியாழன் அவள் அழைத்து, “மேட்டூர் திறந்தாச்சா அக்கா?” என்றாள். நான் உடனே குரலை மாற்றிக்கொண்டு தண்ணீர்க் கணக்கு சொல்லத் தொடங்கினேன். “இல்லக்கா, யாரும் இல்ல. நெசமாவே கேக்குறேன். அப்பா நாத்து விடலாமான்னு கேக்குறாரு” என்றாள்.

பதினெட்டு முடிந்தது. தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். மாமன் மகன் பேச்சு இப்போதைக்கு எழவில்லை. வாரம் ஒரு தடவை என்பதை மாதம் ஒரு தடவையாக்கி, பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: நினைத்தபோது ஒரு மிஸ்டு கால் என்றால் நலம், பேச வேண்டியதில்லை, தொடர்ந்து இரண்டு என்றால் நான் அழைக்கவேண்டும். நேற்று இரவு, கேட் மூடி, செம்மொழி கடந்துபோன சற்று நேரத்தில் ஒன்று வந்தது. தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டாவதுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன்.